குலுங்கி நின்றதா, திணறி நின்றதா

பிரேக்கைத்தான் மிதித்தேன். இதை எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் கடைசிச் சொல்லில் குரல் லேசாக ஏறிக் கேள்வி போல முடிகிறது. மனசுக்குள் பேசும்போதும் குரல் என்று ஒன்று இருக்கிறது, அது ஏறும், இறங்கும், சங்கடமான இடம் வந்தால் செருமிக்கொள்ளும் என்பதெல்லாம் இந்த ஒரு வாரமாகத்தான் எனக்குத் தெரியும். நாச்சிமுத்துவின் பட்டறையில், கால் ஒன்று கோணிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் சௌந்தரம், மடியில் கைப்பை, கைப்பையின் மேல் இரண்டு கைகளும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பட்டறைக்கு வருவது இதுதான் முதல் தடவை. நீ எதற்கு என்று கேட்டதற்கு, வீட்டில் உட்கார்ந்திருப்பதை அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். எதிரே எங்கள் பழைய மாருதி பானட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்குள் இடுப்புவரை குனிந்திருக்கிறார் நாச்சிமுத்து, அவருடைய காக்கிக் கால்சட்டையும் ரப்பர் செருப்பும்தான் வெளியே தெரிகின்றன. கார்புரேட்டரை மாற்றுகிறார். வண்டியோடு பிறந்த கார்புரேட்டர். அது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். சாமி கும்பிடும் பழக்கம் விட்டுப்போய் வெகுகாலமான ஒருவன் அதை மறுபடி ஆரம்பிக்க இதைவிட அற்பமான காரணம் கிடைக்காது, ஆனாலும் வேண்டுகிறேன், பெயர் எதுவும் சொல்லாமல், பொதுவாக, சம்பந்தப்பட்ட துறை எதுவோ அதற்கு. அந்தச் சாமான் தேய்ந்து, கிழிந்து, துளை விழுந்து, பார்த்தவுடன் யாரும் அடடா என்று சொல்லும்படி இருக்க வேண்டும். அது நன்றாக இருந்துவிட்டால் கெட்டுப்போனது நான். நடுவில் சந்தேகப்பட வேறு யாரும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை இருகூரில் சௌந்தரத்தின் தங்கை வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நீலிக்கோணாம்பாளையம் ரயில்வே கேட் மூடியிருப்பது தூரத்திலேயே தெரிந்தது, வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியரில் உருண்டு வந்தேன், முன்னால் ஒரு ஸ்கூட்டர், அதை ஓட்டி வந்தவள் காலை ஊன்றிக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், பின்னால் அவள் முதுகில் சாய்ந்து எங்களைப் பார்த்தபடி ஒரு சின்னப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது, கையில் பாதி தின்ற ரஸ்க். இதுவரை எல்லாம் துல்லியமாக இருக்கிறது. ரஸ்க் தூள் அதன் பாவாடையில் விழுந்திருந்ததுகூட. பிறகு என் வலது கால் நகர்ந்தது. நகர்ந்து மிதித்தது, பலமாக. வண்டி நின்றது. ஸ்கூட்டரின் நம்பர் பலகைக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம் மிச்சமிருந்தது, குழந்தையின் கால்கள் அந்த இடத்துக்கு மேலே தொங்கின, செருப்பு ஒன்று பானட்டைத் தொட்டது. அழவில்லை. தின்றபடியே என்னைப் பார்த்தது, நான் வேலை பார்த்த நூலகத்தில் தாமதமாகப் புத்தகம் திருப்பித் தருகிறவர்களைப் பார்ப்பேனே, கோபமில்லாமல், ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக மட்டும், அப்படி. இன்ஜின் அணைந்திருந்தது. கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்தால் இன்ஜின் அணையும், இது ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும், புதிதாகக் கற்கிறவர்கள் தினமும் செய்வது, வயதானவர்கள் எப்போதாவது செய்யலாம், அதில் வெட்கம்தான் உண்டு, ஆபத்து கிடையாது. ஆகவே பிரேக்கைத்தான் மிதித்தேன். ஆனால் உள்ளங்காலுக்கென்று ஒரு ஞாபகம் இருக்கிறது, அது என்னைக் கேட்காமல் தனியாக எதையோ வைத்துக்கொண்டிருக்கிறது. பிரேக் பெடல் கெட்டியானது, கொஞ்ச தூரம் போய் எதிர்த்து நிற்கும். அன்று காலுக்கடியில் இருந்தது எதிர்க்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டுத் தரைவரைக்கும் போயிற்று.

அப்புறம் ஹாரன்கள். கேட்டைத் திறந்துவிட்டார்கள், நாங்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றோம், என் கை சாவியைத் திருப்பவில்லை, திருப்பிப் பார்த்தேன், வண்டி கிளம்பவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன், ஆனால் திருப்பவேயில்லை. யாரோ ஜன்னலில் குனிந்து, என்னங்க ஆச்சு என்றார்கள். கார்புரேட்டர் என்று ஒரு பதில் போயிற்று. நான்கு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள், நாங்கள் ஆட்டோவில் வீட்டுக்குப் போனோம், நாச்சிமுத்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து இங்கே சேர்த்தார், சேர்த்த அன்றே போன் செய்தார்: "சார், வண்டி ஒரே சாவீல கிளம்பீருச்சுங்க. நல்லாத்தானுங்களே இருக்குது?" நான் அவசரமாக, இல்லை, கார்புரேட்டர்தான், மாற்றிவிடுங்கள் என்றேன். "கழட்டிச் சுத்தம் பண்ணிப் பாக்கலாமுங்க." வேண்டாம், மாற்றிவிடுங்கள். "சார் சொன்னாச் சரிங்க." உக்கடத்தில் ஏதோ ஒரு கடையில் டப்பாவோடு ஒன்று கிடைக்க இந்த வாரம் ஆகிவிட்டது. சொன்னால் சரி. நாற்பது வயதில் நான் ஓட்டப் பழகியபோது சொல்லிக்கொடுத்த மனிதர், காலை யோசிக்க விடாதீங்க சார், கால் யோசிச்சா தடுமாறும் என்பார். நான் எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவன், முப்பத்தைந்து வருஷம் பாலிடெக்னிக் நூலகத்தில் புத்தகம் அடுக்கியவன், அவரிடம் கால் யோசிக்காது என்பதற்கு ஆதாரம் கேட்டேன். மனிதர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, கிளட்சை விடுங்க என்றார். வண்டி துள்ளி அணைந்தது. பாத்தீங்களா, என்றார். அதன்பிறகு கால் யோசிக்கவில்லை, போன வெள்ளிக்கிழமை வரை. இப்போது தினமும் காலையில் சாப்பாட்டு மேஜையின் கீழே பயிற்சி நடக்கிறது, இட்லிக்குச் சட்னி ஊற்றும் நேரத்தில் இடது கால் கிளட்ச், வலது கால் பிரேக், ஆக்சிலேட்டர், பிரேக். நேற்று சௌந்தரம் தோசைக்கரண்டியோடு வந்து நின்று, "ஏனுங்க, என்ன தாளம் போடறீங்க?" என்றாள். ஆதி தாளம் என்றேன். "ஆதி தாளம் காலுலயா போடுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். போகிறவள் முதுகில் சிரிப்பு இருந்ததா என்று பார்த்தேன். இல்லை.

ஸ்பேனர் ஒன்று தரையில் விழுகிறது, நாச்சிமுத்து அதன் தாயாரை விசாரிக்கிறார், பிறகு சௌந்தரம் இருப்பது ஞாபகம் வந்து, "மன்னிச்சுக்குங்கம்மா, போல்ட்டு புடிச்சுப்போச்சு" என்கிறார். "பரவால்லீங்க, நானே அதைத்தான் நெனச்சேன்" என்கிறாள் அவள். பெட்ரோல் வாசனை வருகிறது. எனக்குப் பிடித்த வாசனை. கார்புரேட்டரைப் பற்றி எனக்குத் தெரியாதது கிடையாது. ஆட்டோமொபைல் பிரிவுக்கு வந்த அத்தனை புத்தகத்தையும் முத்திரை குத்துவதற்கு முன்னால் நான் வாசித்திருக்கிறேன். இடுப்புச் சிறுத்த ஒரு குழாய், அந்த இடுப்பில் காற்று வேகமெடுக்கிறது, வேகமெடுத்தால் அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவுக்குள் பெட்ரோல் தானாகப் பொங்கி வந்து பனியாகச் சிதறுகிறது. விசையில்லை, மின்சாரமில்லை, ஒரு இல்லாமையை வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறது. எவ்வளவு நயமான ஏற்பாடு, இதை எத்தனை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன், அவர்கள் அட்டையில் முத்திரை விழுந்தால் போதும் என்று தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு கார்புரேட்டரை நான் கையில் பிடித்ததில்லை. எங்கள் நூலக அலமாரியில், புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்களில், அறுநூறாம் எண்கள் ஒரே வரிசை, மோட்டார் வண்டிகள் அறுநூற்று இருபத்தொன்பதில், மனிதனுக்கு வரும் நோய்கள் அறுநூற்றுப் பதினாறில், நடுவில் விவசாயம்கூட வராது, இரண்டுக்கும் இடையில் ஒரு தட்டு நீளம்தான். மாணவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு மாற்றிச் செருகிவிடுவார்கள், நான் சாயங்காலம் அலுத்துக்கொண்டே எடுத்து உரிய இடத்தில் வைப்பேன். வெள்ளிக்கிழமை நடந்ததை எந்தத் தட்டில் வைப்பது என்பதுதான் இப்போது பிரச்சினை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, வைக்க மனமில்லாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு வாரமாக நிற்கிறேன். கை கடுக்கிறது. தூங்கினால் தேவலை போல இருக்கிறது, தூங்கினால் கால் மிதிக்கிறது.

பிளாஸ்டிக் நாற்காலிகள் இன்னும் இரண்டு உண்டு, அவற்றில் ஒன்றில் வெங்காய மண்டிக்காரர் ஒருவர் வந்து உட்கார்கிறார், உட்கார்ந்ததும் எழுகிறார், நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்ததும் மண்டிக்காரர், "பேன் பெல்ட்டு போயிருச்சு நாச்சி" என்கிறார். பாவம், இந்தப் பட்டறையின் வழக்கம் தெரியாதவர். வண்டிக்காரர்கள் சாமான் பெயரைச் சொல்லக் கூடாது. "அதை நாஞ் சொல்லோணுமுங்க. நீங்க சத்தத்தப் போட்டுக் காட்டுங்க." மண்டிக்காரர் என்னையும் சௌந்தரத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கீய்ங், கீய்ங், என்கிறார். "காலைல மட்டுமுங்களா?" காலையில்தான். "சூடானதுக்கப்புறம்?" கீ, கீ, என்கிறார் மண்டிக்காரர், குறைத்து, கழுத்தைச் சாய்த்து. "பேன் பெல்ட்டு இல்லீங்க, பேரிங்கு. சாயங்காலம் வாங்க." எத்தனை கனவான்கள் இந்தக் கொட்டகையில் நின்று குதிரையாகவும் கோழியாகவும் கத்திவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு வக்கீல் கியர் பெட்டியின் சத்தத்தை வாயால் போட்டு முடித்துக் கைதட்டுக்குக் காத்திருந்தார். எனக்கு மட்டும் இதில் விலக்கு. வயசுக்கும் கண்ணாடிக்கும் கொடுத்த மரியாதை அது. நான் பெயரைச் சொல்வேன், அவர் தலையாட்டுவார், பெரும்பாலும் நான் சொன்னதை விட்டுவிட்டு வேறெதையோ சரிசெய்து கொடுப்பார், இருவருக்கும் கௌரவம் குறையாது. இன்றைக்குத்தான் நான் சொன்னதையே மாற்றுகிறார். அது என்னை உறுத்துகிறது. நம்பப்படுவது இவ்வளவு சோர்வாக இருக்கும் என்று தெரியாது.

"வந்துருச்சுங்க" என்கிறார். கையில் உள்ளங்கையளவு ஒரு அலுமினிய முடிச்சு, கறுத்து, வார்னிஷ் பூசியது போல பழுப்பேறி. துணியில் துடைத்துக்கொண்டே வருகிறார், என்னிடம் காட்ட வருகிறார், கெட்டுப்போயிருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு திருகுகளைக் கழற்றுகிறார், ஒரு சின்ன மூடி வருகிறது, அதற்குப் பின்னால் காசளவு ரப்பர் சவ்வு ஒன்று, அதை நகத்தால் நிமிண்டுகிறார். இரண்டாகப் பிளந்து வருகிறது. "அடடா" என்கிறார். அந்தச் சொல்லையே சொல்கிறார், நான் கேட்டபடியே, எழுத்து மாறாமல். "பாருங்க சார், சுத்தமாக் கிழிஞ்சு கெடக்குது. இதை வெச்சுட்டு எப்படிங்க ஓட்டுனீங்க? நாங்கூட நம்பலீங்க, சார் சும்மா புஸ்தகத்துல பாத்துட்டுச் சொல்றாருன்னு நெனச்சேன்." எனக்குக் கண்ணில் நீர் வருகிறது, பெட்ரோல் நெடி. அறுநூற்று இருபத்தொன்பது. செருகியாயிற்று, தட்டு நிறைந்தது, விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சௌந்தரத்தைப் பார்க்கிறேன், அவள் அந்தக் கிழிந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாச்சிமுத்து அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது, வேலை சரியாகப் பிடிபட்டால் அவருக்குப் பேச்சு வரும். "சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு வண்டி குலுங்கி நின்னுச்சுங்களா, தெணறி நின்னுச்சுங்களா?" தெரியவில்லையே, நின்றுவிட்டது, திடீரென்று. "சத்தத்தப் போட்டுக் காட்டுங்க." எனக்குக் கொடுத்திருந்த விலக்கு இத்தனை வருஷம் கழித்து இந்த நிமிஷத்தில் ரத்தாகிறது. மண்டிக்காரர் போவதை நிறுத்திவிட்டுத் திரும்பி நிற்கிறார். நான் வாயைத் திறக்கிறேன். கடக், என்று ஏதோ சொல்கிறேன், பேனா கீழே விழுந்த மாதிரி. நாச்சிமுத்துவுக்குத் திருப்தியில்லை. அப்போது சௌந்தரம், கைப்பையின் மேலிருந்து கையை எடுக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டு, போடுகிறாள்: ஹூ...ம்ம்ம்...ஹக். தண்ணீருக்கடியில் யாரோ மூச்சுவிடப் பார்த்தது போல. அதேதான். மயிர்க்கால்களெல்லாம் சிலிர்க்கின்றன, அந்தக் கேட்டும், ஹாரனும், ரஸ்க்கும், எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்தன, அதை அவள் இத்தனை நாள் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள்.

"அப்படிச் சொல்லுங்கம்மா!" என்று நாச்சிமுத்து தொடையில் தட்டுகிறார். "தெணறித்தான் நின்னிருக்குது. பிரேக்கு அடிச்சு நின்னா குலுங்குமுங்க, மண்டை போயி முன்னால முட்டும். இது என்னன்னா, ஆக்சிலேட்டர ஒரே அமுக்கா அமுக்குனா காத்து மொதல்ல ஓடி வந்துரும், பெட்ரோல் பின்தங்கும், அந்த நேரத்துக்கு இந்த ரப்பர்தான் ஒரு வாய் பெட்ரோலப் பீச்சி உடோணும். இது கிழிஞ்சிருச்சா, வெறுங்காத்து. மூச்சு முட்டி நின்னு போகும்." சொல்லிக்கொண்டே வந்தவர் சற்று நிற்கிறார், துணியால் விரல் இடுக்கைத் துடைக்கிறார். "ஆனா கேட்டு மூடியிருந்துச்சுன்னு சொன்னீங்களே சார், அங்க எதுக்குங்க அந்த அமுக்கு அமுக்குனீங்க?" கேள்வியில் ஒன்றுமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். நான் பதில் சொல்ல வேண்டும். "முன்னால ஒரு லாரி ஒதுங்குச்சுங்க" என்கிறாள் சௌந்தரம். "அதைத் தாண்டி நெழல்ல நிறுத்தலாம்னு நாந்தான் சொன்னேன். வெயிலு." லாரி எதுவும் இல்லை. மேகம் போட்டிருந்தது. "அப்படீங்களா" என்று நாச்சிமுத்து புது டப்பாவைப் பிரிக்கப் போகிறார். அவள் என் பக்கம் திரும்பவில்லை, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடுகிறாள். அப்போதுதான் அன்று பதில் சொன்ன குரல் யாருடையது என்று பிடிபடுகிறது. ஜன்னலில் குனிந்தவரிடம், என்னங்க ஆச்சு என்றவரிடம், கார்புரேட்டர் என்று சொன்ன குரல். கார்ப்பரேட்டர், என்று சொன்னது அது, நான் அப்படி உச்சரிக்க மாட்டேன், செத்தாலும் மாட்டேன், அந்த உச்சரிப்பை அவளிடம் எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். வண்டிக்குள் இருக்கும் சாமான்களில் அவளுக்குப் பெயர் தெரிந்த ஒரே சாமானை எடுத்து, அந்த நொடியில், எனக்கு முன்னால் வைத்துவிட்டாள், வாசலில் திரை போடுவது போல. அப்போதே தெரியும் அவளுக்கு. மேஜைக்குக் கீழே தாளம் போட்டபோதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கோபம் வருகிறது, அது எதன் மேல் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் சுற்றி வந்து தரையில் உட்காருகிறது. நாச்சிமுத்து புதிய கார்புரேட்டரை இறக்குகிறார், பளபளவென்று, பல் செட் மாதிரி. அடியில் புது கேஸ்கெட், குழாய்க்குப் புது கிளிப், கேபிளை மாட்டி விரலால் இழுத்துப் பார்க்கிறார். கிழிந்த ரப்பர் என் உள்ளங்கையில் இருக்கிறது, எப்போது கொடுத்தார் என்று நினைவில்லை, பழைய சாமானைக் கழற்றினால் வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் நியாயம். இதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இது கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டினேன், கெட்டுப்போயிருந்தது, மெல்ல, ஒரு படி இறங்கி இன்னொரு படியில் கால் வைப்பது போல, மீதியும் புரிகிறது. இது கெட்டுப்போகாமல் இருந்திருந்தால். என் கால் அந்த அமுக்கு அமுக்கியது, இன்ஜின் கீழ்ப்படிந்திருந்தால். ஒரு வாய் பெட்ரோல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால். ஒரு கை நுழையும் இடம். கெட்டுப்போனவை இரண்டு, ஒன்றல்ல, இரண்டும் ஒரே நொடியில் கெட்டதால்தான் ஒரு குழந்தை ரஸ்க்கைத் தின்று முடித்தது. நான் ஒரு வாரமாக இந்தத் தட்டா அந்தத் தட்டா என்று தேடிக்கொண்டிருந்தேன். இப்போது அதில் ஒன்றைத்தான் சரிசெய்கிறார்கள். வேண்டாம் என்று எழுந்து கத்தலாம் போலிருக்கிறது, பழையதையே மாட்டுங்கள் நாச்சிமுத்து, அந்தக் கிழிந்ததையே மாட்டுங்கள், அது போதும், அதுதான் என்னை அறிந்தது. கத்தவில்லை. தன் காலை நம்ப முடியாமல் வண்டியின் ஓட்டையை நம்புவது என்ன மாதிரி வாழ்க்கை என்று ஒரு அலுப்பு வந்து, கத்துவதற்கு எழுந்ததை உட்கார வைக்கிறது.

"சார், உக்காந்து ஒரு அமுக்கு அமுக்குங்க, பாக்கலாம்." வண்டி நியூட்ரலில் இருக்கிறது, கைபிரேக் இழுத்திருக்கிறது, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறது, நான் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு ஏறுகிறேன். இருக்கை என் உருவத்துக்குக் குழிந்திருக்கிறது, ஸ்டியரிங்கில் என் கை படும் இடங்கள் வழுவழுப்பாக இருக்கின்றன. சாவியைத் திருப்புகிறேன். இன்ஜின் உறுமாமல், இருமாமல், தையல் மெஷின் மாதிரி சீராக ஓடுகிறது, இதை இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று. வலது காலைத் தூக்குகிறேன். கீழே பார்க்கிறேன். ஓட்டுகிறவன் கீழே பார்க்க மாட்டான், ஆனால் நான் கீழே பார்க்கிறேன், நடுவில் இருப்பது பிரேக், வலதில் இருப்பது ஆக்சிலேட்டர், சரி, தெரிகிறது, எல்லாம் தெரிகிறது, தெரிந்ததுதான் அன்றும். மிதிக்கிறேன். கட்டடமே எழுந்து நிற்பது போல ஒரு சத்தம், தயக்கமே இல்லை, நினைத்து முடிப்பதற்குள் கேட்டதைக் கொடுக்கிறது, பானட் நடுங்குகிறது, பட்டறைக் கூரையிலிருந்து புறா ஒன்று கிளம்புகிறது. "கேட்டீங்களா!" என்று நாச்சிமுத்து சத்தத்துக்கு மேல் கத்துகிறார். "இனி தொட்டாப் பாயுமுங்க! முன்ன மாதிரி முக்கிட்டு நிக்காது!" கண்ணாடிக்கு வெளியே சௌந்தரம் எழுந்து நிற்கிறாள். அவள் வண்டிக்கு நேர் முன்னால் வந்து நின்றுவிட்டாள். பயந்து விலகவில்லை, அடம் பிடிக்கவும் இல்லை, வெறுமனே நிற்கிறாள், கைப்பையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறாள். நான் காலை எடுக்கிறேன். இன்ஜினை அணைக்கிறேன். இறங்குவதற்குக் கொஞ்சம் நேரமாகிறது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார், சித்ரா பஸ் ஸ்டாப் வரைக்கும்." நாச்சிமுத்துவிடம் சாவியை நீட்டுகிறேன். "நீங்க ஓட்டுங்க, நாச்சி. எங்களை வீட்டுல விட்டுருங்க. வண்டியத் திருப்பிக் கொண்டாந்து இங்கயே நிறுத்திக்குங்க. யாராவது கேட்டா குடுத்துருங்க." அவருக்குப் புரியவில்லை. "என்ன சார், புதுசு போட்டு ஒரு அடி ஓட்டலீங்க! செட்டிங் புடிக்கலீங்களா?" செட்டிங் நன்றாக இருக்கிறது. "அப்பறமென்னங்க?" நன்றாக இருப்பதுதான் பிரச்சினை என்று சொல்லத் தோன்றுகிறது, சொன்னால் புதிர் மாதிரி இருக்கும், எனக்குப் புதிர்கள் பிடிக்கும், இன்று சொல்லச் சோம்பலாக இருக்கிறது. "எனக்குக் காலு தெணறுதுங்க, நாச்சி" என்கிறேன். சொல்லிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, மண்டிக்காரர் எப்போதோ போய்விட்டிருந்தார், புறா திரும்ப வந்து உட்காருகிறது. நாச்சிமுத்து என் காலைப் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், சௌந்தரத்தைப் பார்க்கிறார், அந்த லாரி இப்போது அவர் கண்ணிலிருந்து மெல்ல மறைவதை நான் பார்க்கிறேன். "சரிங்க" என்கிறார். கையைக் கழுவிவிட்டு வருகிறார், ஓட்டுநர் சீட்டில் பழைய துணி ஒன்றை விரித்து உட்காருகிறார், என் சீட்டை ஒரு படி பின்னால் தள்ளுகிறார், அது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது.

எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் நான் நிற்கிறேன். சௌந்தரம் அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டாள், "முன்னால உக்காருங்க, உங்களுக்குக் காலு நீட்டோணுமல்ல" என்கிறாள். முன்னால், இடது பக்கம். இந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை, இது அவளுடையது, இங்கிருந்து பார்த்தால் சாலை சற்று அகலமாகவும் எல்லோரும் நம்மை நோக்கி வருவது போலவும் இருக்கிறது. நாச்சிமுத்து வண்டியை எடுக்கிறார், சொன்னது போலவே பாய்கிறது, காமராஜர் ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு டவுன் பஸ் மூக்கை நீட்டுகிறது, என் வலது கால் தானாகப் போய்த் தரையை மிதிக்கிறது, பலமாக, சரியான நேரத்தில், சரியான இடத்தில். நாச்சிமுத்துவும் பிரேக் போடுகிறார். ஆனால் என் பாதம் மிதித்த இடம் தட்டையாக இல்லை. குனிந்து பார்க்கிறேன். தரைவிரிப்பில் வட்டமாக ஒரு இடம் தேய்ந்து, நூல் போய், ரப்பர் போய், அடித்தகடு தெரிகிறது, குதிகாலுக்கு ஒரு குழி, விரல்களுக்கு ஒரு குழி, என் பாதத்தைவிடச் சின்ன ஒரு பாதம், இத்தனை வருஷமாக, நான் ஓட்டிய ஒவ்வொரு தெருவிலும், ஒவ்வொரு வளைவிலும், எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே மிதித்து மிதித்து. திரும்பிப் பார்க்கிறேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள், காற்றில் தலைமுடி பறக்கிறது, கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வசதியாக உட்கார்ந்திருக்கிறாள், இப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "என்னங்க?" என்கிறாள். ஒன்றுமில்லை என்கிறேன். எதிரே சிக்னல் மஞ்சளாகிறது, நாச்சிமுத்து தாண்டிவிடலாமா என்று யோசிக்கிறார், நான் என் காலை அந்தக் குழியில் வைத்து, மெதுவாக அழுத்துகிறேன்.